மெயினை அணைத்த பிறகும் இருக்கும் கரண்ட்

தீப்பிடித்த வீட்டின் முன் தீயணைப்பு வண்டி வந்து நின்றால், வீட்டுக்காரர் ஓடிவந்து முதலில் சொல்வது பெரும்பாலும் இதைத்தான்: "மெயினை ஆஃப் பண்ணிட்டேன் சார்."

நல்ல காரியம்தான். ஆனால் அதை நம்பி உள்ளே நுழையும் வீரருக்கு அது பாதி உண்மை. கம்பத்திலிருந்து மெயின் சுவிட்ச் வரை வரும் சர்வீஸ் வயரில் கரண்ட் அப்படியே இருக்கிறது. கூடத்து மூலையில் செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கிடக்கும் இன்வெர்ட்டரோ, மெயின் போன மறு நொடியே வேலையைத் தொடங்கிவிடும். 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 230 வோல்ட் எடுத்து லைட்டுக்கும் ஃபேனுக்கும் அனுப்பும். கூரையிலிருந்து தொங்கும் உருகிய வயரில் இருப்பது வாரியத்துக் கரண்டா, இன்வெர்ட்டர் கரண்டா என்று உடம்பு பார்ப்பதில்லை.

நனைந்த உடம்பின் கணக்கு

காய்ந்த தோலுக்கு மின்சாரத்தைத் தடுக்கும் சக்தி ஓரளவு உண்டு; பல ஆயிரம் ஓம் வரை தாங்கும். வியர்வையிலும் குழாய்த் தண்ணீரிலும் ஊறிய உடம்பில் அது சுமார் 1,000 ஓமுக்கு இறங்கிவிடும். 230 வோல்ட் பட்டால் 230 மில்லியாம்பியர் பாயும். 10 மில்லியாம்பியரைத் தாண்டினாலே பிடித்த கம்பியை விட முடியாமல் கை இறுகும். 30 மில்லியாம்பியர் அளவில் மூச்சு திணறும். 50 முதல் 100 வரை போனால் இதயம் துடிப்பதை விட்டுவிட்டு வெறுமனே நடுங்கும். 5 வாட் இரவு விளக்கு இழுப்பதே சுமார் 22 மில்லியாம்பியர் என்பதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

கனமான கையுறையும் பூட்ஸும் காப்பாற்றாதா? அவை தீச்சூட்டுக்கென்று செய்தவை. ஈரமும் கரியும் ஏறிய பிறகு மின்சாரத்துக்கு எதிராக அவற்றை நம்பக்கூடாது.

புகையில் தடவிப் போகும்போது உள்ளங்கையை நீட்டாமல் புறங்கையை நீட்டுவது இதனால்தான். ஷாக் அடித்தால் விரல்கள் உள்பக்கம் மடங்கும். உள்ளங்கை பட்டிருந்தால் வயரையே பற்றிக்கொள்ளும். புறங்கை பட்டிருந்தால் கை விலகிவிடும். சின்னப் பழக்கம், பெரிய காப்பு.

தண்ணீர் அடிக்கலாமா?

கரண்ட் இருக்கிற போர்டில் தண்ணீரைப் பீய்ச்சினால் அறுபடாத அந்தத் தாரையே வயராகி, குழாய் முனையைப் பிடித்திருப்பவரிடம் வந்து சேரலாம். அதனால் போர்டுக்கும் மீட்டருக்கும் உலர் பொடியோ கார்பன் டை ஆக்சைடோதான். மின்சாரம் நின்றது உறுதியான பிறகே தண்ணீர்.

வெயில் இருக்கும்வரை அணையாதது

மொட்டை மாடியில் சோலார் தகடு வைத்த வீடுகள் பெருகிவிட்டன. 2024-இல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டம் ஒரு கோடி வீடுகளைக் குறிவைக்கிறது. வரவேற்க வேண்டியதுதான், ஆனால் தீயணைப்பவருக்கு இது புதுத் தலைவலி. மெயினை இறக்கினாலும் வெயில் பட்டுக்கொண்டிருக்கும்வரை தகட்டிலும் அதிலிருந்து இறங்கும் வயரிலும் டி.சி. கரண்ட் நிற்கும், வரிசையாக இணைத்த தகடுகளில் அது சில நூறு வோல்ட். வயரைத் தொடாமல் பார்க்கும் டெஸ்டர்கள் பெரும்பாலும் ஏ.சி.க்கு மட்டுமே கத்தும். டி.சி. வயரருகே அவை மௌனமாக இருப்பதைப் பார்த்து யாராவது கத்தரியை எடுத்தால் ஆபத்து.

வீட்டுக்காரர் செய்யக்கூடிய உதவி சுலபம். இன்வெர்ட்டர், ஜெனரேட்டர், சோலார் எங்கெங்கே இருக்கின்றன என்று மீட்டர் பெட்டிமேல் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டலாம். வண்டி வந்ததும் வாயாலும் சொல்லலாம்.

கம்பி அறுந்தால்

2022 ஏப்ரல் 27 அன்று தஞ்சாவூர் அருகே களிமேட்டில் தேர் உயரழுத்தக் கம்பியில் உரசி 11 பேர் இறந்தார்கள். அந்தத் தேரின் இடத்தில் அலுமினிய ஏணியை வைத்துப் பார்த்தால் வீரர்களின் நிலை விளங்கும். மேலே பார்க்காமல் ஏணியை நிமிர்த்தவே கூடாது.

அறுந்து விழுந்த கம்பியைச் சுற்றி மண்ணிலும் மின்னழுத்தம் பரவும். அகலக் கால் வைத்தால் கரண்ட் ஒரு காலில் ஏறி மறு காலில் இறங்கும். பத்து மீட்டராவது தள்ளி நிற்பது நல்லது. அந்த எல்லைக்குள் மாட்டிக்கொண்டவர் இரு பாதங்களையும் ஒட்டி வைத்து, தரையை விட்டு எடுக்காமல் தேய்த்துத் தேய்த்தே வெளியேற வேண்டும். ட்ரிப் ஆன லைன் தானாக மறுபடி சார்ஜ் ஆகலாம். ஆகவே லைன்மேன் வந்து, லைனை நிறுத்தி எர்த் செய்துவிட்டதாகச் சொல்லும்வரை, கம்பி செத்துவிட்டது என்று யாரும் முடிவு கட்டக்கூடாது.

"லேசாத்தான் அடிச்சுது"

"மெயினை ஆஃப் பண்ணிட்டேன்" போலவே நம்பக்கூடாத இன்னொரு வாக்கியம் இது. தோலில் மிளகளவு காயம் இருக்கும். உள்ளே தசை வெந்திருக்கும். சிதைந்த தசையின் கழிவு சிறுநீரகத்தை அடைக்கும். சிறுநீர் கட்டன் டீ நிறத்தில் போனால் ஒரு மணி நேரமும் தாமதிக்கக்கூடாது. படபடப்பு, மயக்கம், நெஞ்சுவலி இருந்தாலோ, அடித்தது உயரழுத்தக் கரண்ட் என்றாலோ இ.சி.ஜி. எடுத்துக் கண்காணிப்பில் வைப்பார்கள்.

விழுந்தவர் இன்னும் கரண்டோடு ஒட்டியிருந்தால் தொடாதீர்கள். மின்சாரம் நின்றபின் மூச்சில்லையென்றால் நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு அழுத்துங்கள், இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும்.

தலைப்பக்கம் கரண்ட் பாய்ந்தவருக்குச் சில மாதங்கள் கழித்துக்கூடக் கண்புரை வருவதுண்டு. பார்வை மங்குகிறது என்று போகும்போது, அந்தப் பழைய ஷாக்கையும் கண் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.