திராட்சைத் தோட்ட மருந்தும் நுரையீரல் புற்றுநோயும்

ஜெர்மனியில் மோசெல் ஆற்றங்கரையிலும் கைசர்ஸ்டூல் குன்றுகளிலும் திராட்சை பயிரிடுவோர், கொத்தைத் துளைக்கும் புழுவை ஒழிக்க 1920-களில் ஆர்சனிக் கலந்த மருந்துகளைத் தெளித்தும் தூவியும் வந்தனர். வெள்ளைப் பாஷாணத்தில் உள்ள நஞ்சுதான் இந்த ஆர்சனிக். தூசியாக அது நுரையீரலுக்குள் சென்றது. அது போதாதென்று, பிழிந்த திராட்சைச் சக்கையில் தண்ணீரும் சர்க்கரையும் சேர்த்துப் புளிக்கவைத்த பானத்தைத் தோட்டத்தார் தினமும் குடித்தனர். தோலில் ஒட்டியிருந்த மருந்து அதன் வழியாகவும் வயிற்றுக்குள் போயிற்று.

1942-இல் இம்மருந்துகள் அங்கு தடை செய்யப்பட்டன. ஆனால் நோய் அதோடு நிற்கவில்லை. 1950-களிலும் அதற்குப் பின்னரும் இத்தோட்டக்காரர்களிடையே நுரையீரல் புற்றுநோய் மிகுதியாகக் காணப்பட்டது. நஞ்சு உடலில் சேர்ந்து இருபது, முப்பது ஆண்டுகள் கழித்துக்கூட இந்நோய் தோன்றும்.

பலருக்குத் தோல் முன்னரே எச்சரித்தது. உள்ளங்கையிலும் பாதத்திலும் மரு போன்ற கடினமான தடிப்புகள், உடலில் கரும்புள்ளிகளும் அவற்றிடையே வெளுத்த புள்ளிகளும் தோன்றும். வலி இல்லாததால் இவற்றைக் காய்ப்பு என்று விட்டுவிடுவது எளிது. இக்குறி உள்ளவரின் நுரையீரலையும் கவனிக்க வேண்டும்.

இருமலில் இரத்தம் காணும்வரை காத்திருந்தால் பெரும்பாலும் நோய் முற்றியிருக்கும். சாதாரண மார்பு எக்ஸ்ரேயை நம்பியும் பயனில்லை. சிறு கட்டிகள் அதில் தப்பிவிடும். குறைந்த கதிர்வீச்சுள்ள சி.டி. ஸ்கேன் இவ்வகையில் மேலானது. அமெரிக்காவில் நெடுங்காலம் புகைத்த சுமார் 53,000 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2011-இல் வெளியாயிற்று. ஆண்டுக்கு ஒரு முறை வீதம் மூன்று முறை இந்த ஸ்கேன் எடுத்தவர்களிடையே, எக்ஸ்ரே எடுத்தவர்களைவிட நுரையீரல் புற்றுநோய் மரணம் 20 சதவீதம் குறைந்தது. எனினும் ஸ்கேனில் சந்தேகம் தந்தவற்றில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் புற்றுநோய் அல்ல. வீண் அச்சமும் வீண் சோதனைகளும் நேருமாதலால் எல்லோருக்கும் இது ஏற்றதன்று.

இந்த ஆய்வில் ஆட்கள் சேர்க்கப்பட்டது வயதையும் புகைப்பழக்கத்தையும் பார்த்துத்தான், தொழிலைப் பார்த்தல்ல. ஆகவே, என்ன வேலை, எந்த மருந்து, எத்தனை ஆண்டுகள் என்பதைத் தொழிலாளியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். 'விவசாயம்' என்று மட்டும் சொன்னால் போதாது. ஆர்சனிக்குக்கு ஆளானவர் புகையும் பிடித்தால் ஆபத்து பன்மடங்காகும். மருந்து அடிப்பதை விட்டு வெகுநாளாயிற்று என்பது இங்கு ஆறுதல் ஆகாது. பிரான்சில் திராட்சைக் கொடியின் தண்டு நோய்க்குச் சோடியம் ஆர்சனைட் தெளிப்பது 2001 வரை நடந்தது. அன்று அதைக் கையாண்டவர்கள் பலர் இப்போதுதான் அந்நோய் தோன்றக்கூடிய வயதில் இருக்கிறார்கள்.