பாதையின் பயனறிந்து பெயரிடுவோம்

நள்ளிரவில் லயத்து வீடொன்றில் முதியவர் ஒருவருக்கு மூச்சுத் திணறல் ஏற்படுகிறது. வீட்டார் 999 எண்ணை அழைக்கின்றனர். ஆம்புலன்ஸ் புறப்பட்டு விடுகிறது. ஆனால், பால்மரக் காட்டினுள் பிரியும் செம்மண் பாதைகளுள் லயத்திற்குச் செல்வது எது என்பதை ஓட்டுநர் எவ்வாறு அறிவார்?

இந்நாளில் ஓட்டுநர்கள் பலர் கைப்பேசி வரைபடங்களையே நம்பியுள்ளனர். அவற்றுள் ஒன்று 'ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்'. 2004ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் தொடங்கிய இவ்வரைபடத்தைப் பொதுமக்களே கூடி வரைகின்றனர். தம் ஊரை நன்கறிந்த எவரும் இதில் பங்கு பெறலாம். ஆயினும், பாதையை வரைந்தால் மட்டும் போதாது. அஃது எவ்வகைப் பாதை என்பதையும் குறித்திடல் வேண்டும்.

சிங்கப்பூரின் கிழக்கிலுள்ள பாசிர் ரிஸ் நகரைச் சான்றாகக் கொள்வோம். கம்பத்து வீடுகள் இருந்த அப்பகுதியில் 1980ஆம் ஆண்டுகளில் அடுக்குமாடி நகர் எழுந்தது. அங்குள்ள 'பாசிர் ரிஸ் டிரைவ் 1' யாவரும் கடந்து செல்லும் பொதுச் சாலை. பண்ணைகளுக்கு வழியாக அமைந்த 'பாசிர் ரிஸ் ஃபார்ம்வே' சாலைகளும் பொதுச் சாலைகளே. அச்சாலையிலிருந்து ஒரு பண்ணையின் வாயிலுக்குள் நுழையும் சிறு வழியே தனியார் வழியாகும். அடுக்குமாடிகளின் கார் நிறுத்துமிடத்துப் பாதைகளோ 'சேவைப் பாதை' என்னும் வகையைச் சேர்ந்தவை.

இதே முறையைத் தோட்டத்திற்கும் பொருத்திப் பார்ப்போம். பல குடும்பங்கள் வாழும் லயத்தின் முன் செல்லும் பாதை, மண் பாதையே ஆயினும், 'குடியிருப்புச் சாலை'. பால் வெட்டுக்கும் உரம் ஏற்றிச் செல்வதற்கும் மட்டும் பயன்படுவது 'வேளாண் தடம்'. இத்தடங்களை அவற்றின் உறுதிக்கேற்ப ஐந்து தரங்களாகப் பிரிப்பர்: முதல் தரம் கெட்டியானது, ஐந்தாம் தரம் மழையில் சக்கரம் புதையும் மென்மண். ஒரு தனி வீட்டிற்கு மட்டும் செல்வது 'வீட்டு வழி'.

இங்கே நாம் மறவாதிருக்க வேண்டியது ஒன்றுண்டு. பாதையின் பயன் வேறு. அதன் மேற்பரப்பு வேறு. அதில் செல்லும் உரிமை வேறு. இம்மூன்றையும் தனித்தனியே குறித்தல் வேண்டும். தோட்டச் சாலை நிர்வாகத்தின் உடைமை என்பதற்காக, லயத்துச் சாலையை வெறும் வீட்டு வழியாகக் குறித்தல் தவறு. உரிமையைக் குறிக்கத் தனிச் சொற்கள் உள்ளன: உரிமையாளரின் இசைவு பெற்றோர் மட்டும் செல்வது 'தனியார்', உள்ளே அலுவல் உடையோர் மட்டும் செல்வது 'சேருமிடத்திற்கு மட்டும்'. வாயிற்கதவையும் தனியே குறிக்கலாம்.

வகை பிழைத்தால் விளைவு என்ன? தடத்தைச் சாலையெனக் குறித்தால், அயலூர் லாரி இரவில் சேற்றில் சிக்கும். லயத்துச் சாலையை விட்டுவிட்டால், உதவிக்கு வரும் வண்டி வெளிவாயிலிலேயே நின்றுவிடும்.

ஆகவே, கைப்பேசியில் தேர்ந்த நம் இளைஞர்கள் இப்பணியில் ஈடுபடுதல் நன்று. நேரில் கண்டதை மட்டுமே வரைதல் வேண்டும். பிற வரைபடங்களைப் பார்த்துப் படியெடுத்தல் கூடாது. குடியிருப்போரின் பெயர்களையும் அதில் எழுதலாகாது. ஐயமிருப்பின், பல்லாண்டுகள் அப்பாதைகளில் நடந்த பெரியோரைக் கேட்டறியலாம். நம் பாதையை நம்மைவிட நன்கறிந்தோர் யாருளர்?