வண்டிக்குள் ஒரு கணக்குப்பிள்ளை

அந்தக் காலத்து அம்பாஸடர், பியட் கார்களை ஓட்டியவர்களைக் கேட்டுப் பாருங்கள். மார்கழிக் காலையில் வண்டியைக் கிளப்புவதென்றால் அது ஒரு பெரிய வைபவம்! 'சோக்' என்ற குமிழை இழுக்க வேண்டும். பெடலை இரண்டு தடவை மிதிக்க வேண்டும். எஞ்சின் இருமும், கனைக்கும், பிறகு அடங்கிவிடும். வீட்டிலுள்ள பிள்ளைகளெல்லாம் சேர்ந்து பின்னாலிருந்து தள்ள வேண்டும். இன்றைக்கோ சாவியைத் திருப்பினால் போதும், வண்டி கிளம்பிவிடுகிறது. சோக்கும் இல்லை; தள்ளுவாரும் வேண்டாம்.

இந்த மாறுதலுக்குக் காரணம் டிபன் டப்பா அளவிலுள்ள ஒரு பெட்டி. அதற்குள் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. மெக்கானிக்குகள் அதை 'ஈ.ஸி.எம்.' என்பார்கள். நாம் கணக்குப்பிள்ளை என்றே வைத்துக்கொள்வோம். அவருக்கு முக்கியமான வேலைகள் இரண்டு. எஞ்சினுக்கு எவ்வளவு பெட்ரோல் கொடுப்பது? அதற்கு எந்தக் கணத்தில் தீப்பொறி வைப்பது?

அளவு எப்படி?

ஒரு கிலோ பெட்ரோல் மிச்சமின்றி எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். ஒரு சின்ன உக்கிராண அறையில் அடங்கக்கூடிய காற்று முழுவதும் அதற்குத் தேவை! காற்று குறைந்தால் பெட்ரோல் எரியாமல் கரும்புகையாகும். அதிகமானால் எஞ்சின் திணறும். பழைய கார்பரேட்டர் இந்த விகிதத்தை ஏறக்குறையக் குத்துமதிப்பாகத்தான் பார்த்துக்கொண்டது.

கணக்குப்பிள்ளை அப்படியல்ல. உள்ளே வரும் காற்று எவ்வளவு, எஞ்சினைச் சுற்றியுள்ள தண்ணீரின் சூடு எவ்வளவு, நீங்கள் பெடலை எவ்வளவு அழுத்துகிறீர்கள் என்றெல்லாம் 'சென்ஸார்' என்னும் தூதர்கள் அவருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். எஞ்சின் குளிர்ந்திருந்தால் பெட்ரோல் சரியாக ஆவியாகாது. அப்போது சற்றுக் கூடுதலாகக் கொடுப்பார். முன்பு சோக் செய்த வேலை அதுதான்.

அவர் அளப்பது கரண்டியால் அல்ல, நேரத்தால்! 'இன்ஜெக்டர்' என்பது மிக நுண்ணிய துவாரமுள்ள ஒரு குழாய். அதற்கு வரும் பெட்ரோலின் அழுத்தம் ஒரே சீராக இருப்பதால், குழாய் எத்தனை நேரம் திறந்திருக்கிறதோ அத்தனை பெட்ரோல் இறங்கும். வண்டி சிக்னலில் நிற்கும்போது, ஒரு விநாடியை ஆயிரம் பங்காக்கினால் அதில் இரண்டு மூன்று பங்கு நேரந்தான் திறந்து மூடுகிறது. நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிஷத்துக்கு 3,000 சுற்றுச் சுற்றும்போது, இப்படி விநாடிக்கு 100 தடவை அளந்தாக வேண்டும். எந்தக் கார்பரேட்டரால் முடியும்?

ருசி பார்க்கும் நாக்கு

எவ்வளவுதான் அளந்து போட்டாலும் ரஸத்தை ருசி பார்க்காமல் இறக்குவோமா? கணக்குப்பிள்ளைக்கும் ஒரு நாக்கு உண்டு. அதற்கு ஆக்ஸிஜன் சென்ஸார் என்று பெயர். ஜெர்மனியின் பாஷ் கம்பெனி தயாரித்த அது, 1976-ல் வால்வோ கார்களில் முதன்முதலாக வந்தது. புகைக் குழாயில் உட்கார்ந்துகொண்டு, வெளியே போகும் புகையில் ஆக்ஸிஜன் மிச்சமிருக்கிறதா என்று பார்க்கிறது. மிச்சமிருந்தால் பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம். உடனே கணக்குப்பிள்ளை சற்றுக் கூட்டுகிறார். மிச்சமே இல்லையென்றால் சற்றுக் குறைக்கிறார். நாம் ஓட்டும் நேரமெல்லாம் இந்தக் கூட்டலும் கழித்தலும் நடந்துகொண்டே இருக்கின்றன. இப்போது நமக்குக் கிடைக்கும் பெட்ரோலில் எதனால் கலந்திருக்கிறது. எதனாலுக்குள்ளேயே ஆக்ஸிஜன் உண்டு. ஆகவே காற்று குறைவாகப் போதும். இந்த வித்தியாசத்தையும் நாக்குதான் காட்டிக் கொடுக்கிறது.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்கிறீர்களா? புகைக் குழாயின் வழியில் 'கன்வர்ட்டர்' என்று ஒரு கலம் இருக்கிறது. அதற்குள் தேன்கூடு போன்ற அறைகளில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் முதலிய விலையுயர்ந்த உலோகங்களைப் பூசியிருக்கிறார்கள். புகையிலுள்ள மூன்று வித நஞ்சுகளையும் அது முறித்துவிடும்; ஆனால் காற்றும் பெட்ரோலும் சரியான விகிதத்தில் எரிந்தால்தான் மூன்றும் முறியும். பெட்ரோலில் ஈயம் கலந்தால் அந்தப் பூச்சு கெட்டுவிடும். 2000 பிப்ரவரியிலிருந்து நம் நாடெங்கும் கார்களுக்கு ஈயமில்லாத பெட்ரோலையே விற்கத் தொடங்கினார்கள். அதே காலத்தில் புகை விதிகளும் கடுமையாகி, புதிய கார்களிலிருந்து கார்பரேட்டர் விடைபெற்றது. 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த புதிய ஸ்கூட்டர்களிலும் பெரும்பாலும் கணக்குப்பிள்ளை குடியேறிவிட்டார்.

ஊஞ்சலைத் தள்ளும் நேரம்

அடுத்தது தீப்பொறி. குழந்தையை ஊஞ்சலில் வைத்து ஆட்டியிருப்பீர்கள். பலகை நம்மிடம் வந்து திரும்புகிற சமயம் பார்த்துத் தள்ள வேண்டும். அவசரப்பட்டால் பலகை கையில் இடிக்கும். தாமதித்தால் தள்ளியதே வீண். எஞ்சினிலும் அப்படியே. பிஸ்டன் உச்சிக்கு ஏறி, இறங்கத் தொடங்கும்போது நெருப்பின் வேகம் அதைத் தள்ள வேண்டும். ஆனால் பொறி விழுந்து பெருநெருப்பாக விநாடியில் ஆயிரத்தில் இரண்டு பங்கு நேரம் ஆகும். ஆகவே பிஸ்டன் உச்சியை எட்டுமுன்பே பொறி வைத்துவிட வேண்டும். வண்டியின் வேகம் கூடக் கூட, இன்னும் முன்னதாக.

பிஸ்டன் எங்கே இருக்கிறது என்பது எப்படித் தெரியும்? எஞ்சினோடு சுற்றும் ஒரு பல்சக்கரம் அதைச் சொல்கிறது. பல கார்களில் அந்தச் சக்கரத்தில் 60 பல்லுக்கு இடம் உண்டு. ஆனால் 58 பல்தான் இருக்கும். இரண்டை வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள். அந்த ஓட்டைப் பல் கடந்து போகும்போதெல்லாம் கணக்குப்பிள்ளை எண்ணிக்கையைச் சரிபார்த்துக்கொள்கிறார்.

அவசரப்பட்டு ஊஞ்சல் கையில் இடித்தாற்போல, எஞ்சினுக்குள் சில சமயம் 'டக டக' என்று தட்டும் ஓசை எழும். அதைக் கேட்கவும் ஒரு காது உண்டு. நம் செவிக்கு எட்டுமுன்பே அது அறிவித்துவிடும். உடனே பொறியைச் சற்றுத் தாமதமாக வைப்பார். 1979-ல் ஒரு பி.எம்.டபிள்யூ. காரில்தான் பெட்ரோல் கணக்கையும் பொறிக் கணக்கையும் பாஷ் கம்பெனியார் முதன்முதலாக ஒரே பெட்டியில் சேர்த்தார்கள்.

மஞ்சள் விளக்கு

தம்மால் சமாளிக்க முடியாதபோது கணக்குப்பிள்ளை நம்மிடம் முறையிடுவார். எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்குத்தான் அவருடைய கடிதம். சாவியைத் திருப்பும்போது அது எரிந்து, வண்டி கிளம்பியதும் அணைவது இயல்பு. அணையாமல் நிலையாக எரிந்தால் சீக்கிரம் காட்டிவிடுங்கள். விட்டு விட்டு மின்னினாலோ ஜாக்கிரதை! ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியவில்லை. அது கன்வர்ட்டருக்குப் போய் அங்கே எரிந்து, அந்தத் தேன்கூட்டையே உருக்கிவிடலாம். வேகத்தைக் குறைத்து, பத்திரமான இடத்தில் நிறுத்தி, மெக்கானிக்கைக் கூப்பிடுவதே மேல்.

ஒர்க்‌ஷாப்பில்தான் பெண்மணிகளுக்குச் சோதனை. "ஆக்ஸிஜன் சென்ஸார் போச்சும்மா, மாற்றணும்" என்று சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். பயந்துவிடாதீர்கள். ஸ்டியரிங்குக்குக் கீழே 16 முள் கொண்ட ஒரு துளை இருக்கிறது. அதில் ஒரு கருவியைச் செருகினால் கணக்குப்பிள்ளை எழுதிவைத்த எண் தெரியும். பி 0301 என்றால் முதல் சிலிண்டரில் எரியவில்லை. பி 0171 என்றால் பெட்ரோலுக்கு மிஞ்சிய காற்று. இவை நோயின் அறிகுறிகளே தவிர, நோய் அல்ல. மிஞ்சிய காற்றுக்குக் காரணம் ஒரு ரப்பர்க் குழாயின் விரிசலாகவும் இருக்கலாம். அதற்காக நாக்கை மாற்றுவது, ஜுரம் காட்டுகிறது என்று தர்மாமீட்டரை மாற்றுவது போலத்தான். எண்ணை அழித்துவிட்டாலும் விளக்கு அணையும். ஆனால் கோளாறு அங்கேயே இருக்கும், விளக்கும் மறுபடி எரியும்.

ஆகவே இரண்டே கேள்விகள் கேளுங்கள். "என்ன எண் வந்தது? இந்தச் சாமான்தான் கெட்டது என்று எப்படிச் சோதித்தீர்கள்?" பதிலைப் பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். பதில் சரியாக வராவிட்டால், பணத்தைக் கொடுக்குமுன் வேறு ஒருவரிடமும் வண்டியைக் காட்டுங்கள்.