இயந்திரம் ஏன் இரைகிறது?

(பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி)

ஜமுனாமரத்தூரிலிருந்து போளூருக்கு இறங்கும் மலைப்பாதையை நம்மில் பலர் அறிவோம். அதன் வளைவுகளில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் வண்டி தானே வேகம் குறைய வேண்டும். சென்ற ஆண்டு எங்கள் பழைய பெட்ரோல் கார் அவ்வாறு குறைய மறுத்தது. இயந்திரம் இரைந்துகொண்டே வண்டியை முன்னே தள்ளியது. பிரேக்கும் மிதிக்கக் கனமாக இருக்கிறது என்றார் அப்பா. இறக்கம் அல்லவா என்று நாங்கள் அதைப் பெரிதாக எண்ணவில்லை. அடிவாரத்தை அடைந்தபோது சக்கரங்களிலிருந்து தீய்ந்த வாடை வீசியது. அதன் காரணத்தைத் தேடியபோது நான் கற்றதை இங்கே எழுதுகிறேன்.

வண்டி நிற்கும்போது இயந்திரம் அணையாமல் மெல்ல ஓடுவதை 'ஐட்லிங்' என்பர். நன்கு சூடேறிய சிறிய கார்களில் இது பெரும்பாலும் நிமிடத்திற்கு 750 முதல் 900 சுற்றுகள் வரை இருக்கும். 1,500 சுற்றுகளில் நின்றால், ஏதோ கோளாறு உண்டு என்பது பொருள்.

முன்னாளில் காற்றோடு பெட்ரோலைக் கலந்து கொடுத்தது கார்புரேட்டர். 1967ஆம் ஆண்டு ஜெர்மனியின் பாஷ் நிறுவனம், அழுத்தத்தை அளந்து மின்னணு முறையில் பெட்ரோலைப் பீய்ச்சும் அமைப்பை வோக்ஸ்வாகன் 1600 காருக்குச் செய்து கொடுத்தது. நம் நாட்டில் 1983இல் வெளிவந்த மாருதி 800 கார்புரேட்டருடன்தான் பிறந்தது. புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகவே, 2000ஆம் ஆண்டை ஒட்டி அதற்கும் பீய்ச்சும் முறை வந்தது. 2014இல் அதன் உற்பத்தி நின்றுவிட்டாலும், அக்காலத்துக் கார்களை இன்றும் சாலைகளில் காணலாம்.

இம்முறையில் ஓட்டுநரின் கால் திறந்துவிடுவது பெட்ரோலை அன்று, காற்றையே. இத்தகைய பல கார்களில் காற்றுக் குழாயின் அழுத்தத்தை ஒரு சென்சார் அளந்து கம்ப்யூட்டருக்குத் தெரிவிக்கும். அது அதற்கு ஏற்ற பெட்ரோலைப் பீய்ச்சும். ஆகவே, காலை எடுத்த பின்னும் இயந்திரம் இரைந்தால், எவ்வழியிலோ காற்று கூடுதலாகப் புகுகிறது என்று கொள்ளலாம்.

மலைக்காற்றுதான் காரணம் என்று சிலர் கூறுவர். காவலூர் வானாய்வகம் அமைந்துள்ள சுமார் 700 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் சமவெளியைவிட ஏறத்தாழ 8 விழுக்காடு குறைவு. காற்று குறைந்தால் கம்ப்யூட்டர் பெட்ரோலையும் குறைத்துவிடும். ஆகவே பழியை மலைமீது சுமத்துவது சரியன்று.

மெக்கானிக்கான என் தாய்மாமன் காரணத்தைத் தேடும் வரிசையைக் கற்றுத் தந்தார்.

முதலாவது, பொறுத்திருக்க வேண்டும். குளிர்ந்த இயந்திரம் சில நிமிடங்கள் வேகமாக ஓடுவது இயல்பே. ரேடியேட்டர் விசிறி ஒருமுறை சுழன்று நின்ற பிறகே முடிவு செய்ய வேண்டும்.

இரண்டாவது, ஆக்சிலேட்டர் மிதி தரைவிரிப்பில் சிக்கியுள்ளதா, அதன் கேபிள் இறுகியுள்ளதா என்று பார்க்க வேண்டும்.

மூன்றாவது, காற்றுக் குழாயோடு இணைந்த ரப்பர் குழாய்களை ஒவ்வொன்றாகத் துணி சுற்றிய குறடால் மெல்ல அழுத்த வேண்டும். எதை அழுத்தும்போது இரைச்சல் தணிகிறதோ, அந்த வழியில்தான் காற்று புகுகிறது.

நான்காவது, ஐட்லிங் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சிறு காற்று வால்வு கரி படிந்து திறந்தே நிற்கிறதா என்று சோதிக்க வேண்டும்.

ஐந்தாவது, வெப்பத்தை அளக்கும் சென்சாரைப் பார்க்க வேண்டும். அது பழுதானால், சூடான இயந்திரத்தையும் குளிர்ந்தது என்று எண்ணிக் கம்ப்யூட்டர் அந்த வால்வைத் திறந்தே வைக்கும். நம் ஊர் வெயிலுக்குத் தேவையில்லை என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்ட வண்டிகளிலும், மலைக் குளிரில் இயந்திரம் சூடேறாமல் இதே தொல்லை நேரும்.

இச்சோதனைகளைத் திறந்தவெளியில், கியரை நியூட்ரலில் வைத்து, கைப்பிரேக்கை இழுத்துவிட்டு, பெரியவர்களே செய்ய வேண்டும். அருகில் நிற்கும் நாம் பின்னலையும் துப்பட்டாவையும் ஒதுக்கிக் கட்டிக்கொள்வது அவசியம்.

எங்கள் காருக்கு முதலில் என்ன செய்தார்கள் தெரியுமா? ஒரு பணிமனையில் ஐட்லிங் திருகைச் சற்றே திருப்பினார்கள். இரைச்சல் அடங்கியது. அப்பாவும் மகிழ்ந்தார். ஆனால் பிரேக்கின் கனம் குறையவில்லை. மறுவாரம் வந்த மாமா குழாய்களை அழுத்திப் பார்த்தார். பிரேக் பூஸ்டருக்குச் செல்லும் தடித்த குழாயை அழுத்தியதும் இயந்திரம் அணையும் அளவுக்குத் தணிந்தது. அந்தக் குழாயின் அடிப்பக்கத்தில் ஒரு வெடிப்பு இருந்தது.

இயந்திரம் காற்றை உறிஞ்சுவதால் உண்டாகும் வெற்றிடமே, அக்குழாய் வழியாகப் பூஸ்டரை அடைந்து ஓட்டுநரின் காலுக்கு வலுவூட்டுகிறது. வெடிப்பின் வழியே வெளிக்காற்று புகுந்ததால் ஒருபுறம் இயந்திரம் இரைந்தது. மறுபுறம் பிரேக் வலுவிழந்தது. திருகைத் திருப்பியதால் இரைச்சல்தான் நின்றதேயன்றி ஆபத்து நீங்கவில்லை. புதிய குழாயைப் பொருத்தி, திருகைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்த பின், இரண்டு குறைகளும் ஒருங்கே நீங்கின.

ஒப்புரவுக்கு முன் ஆன்ம சோதனை செய்யும்போது, வெளியில் தெரியும் குற்றத்தோடு நில்லாமல் அதன் வேரைத் தேடச் சொல்வார்கள் நம் அருட்சகோதரியர். அந்த அறிவுரை இயந்திரத்திற்கும் பொருந்தும் என்பதை அன்று உணர்ந்தேன். உங்கள் வீட்டு வண்டி காரணமின்றி இரைந்தால், "திருகைத் தொடாதீர்கள் அப்பா, முதலில் குழாய்களைப் பாருங்கள்" என்று தயங்காமல் சொல்லுங்கள், தோழியரே!