பத்து விநாடி என்ன விலை?

டீயை எடுத்துக்கொள்ளுங்கள், ஆற அமரப் பேசுவோம். ஆடித் தள்ளுபடிக்கு டிவியில் விளம்பரம் கொடுக்க நினைக்கிறீர்கள். சேனல்கள் நேரத்தைப் பத்துப் பத்து விநாடியாகக் கணக்கிட்டுத்தான் விற்கும். பத்து விநாடிக்கு 1,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் விளம்பரம் 20 விநாடி என்றால் ஒரு தடவை ஓட 2,000. தினம் ஐந்து தடவை, பத்து நாளைக்கு ஒரு லட்சம். 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்ந்தால் 1,18,000 ரூபாய். விளம்பரப் படம் எடுக்கிற செலவு தனி.

இந்த விலையை எது தீர்மானிக்கிறது? ஒரு மணி நேரத்தில் 12 நிமிடத்துக்கு மேல் விளம்பரம் கூடாது என்பது கேபிள் டிவி விதி. அதிலும் 2 நிமிடம் சேனலின் சொந்த அறிவிப்புகளுக்கு. மிச்சமிருக்கும் 10 நிமிடத்தில் அறுபது துண்டுதான் விற்க முடியும். இரவு எட்டு மணி சீரியலில் அதற்கு அடிதடி. பிற்பகலில் கேட்க ஆள் குறைவு. விற்காத விநாடி, சாயங்காலச் சந்தையில் மிஞ்சிய கீரை மாதிரி. நாளைக்கு எடுத்துவைக்க முடியாது. அதனால் ரேட் கார்டு விலையைக் கேட்டு மலைக்காமல் பேரம் பேசுங்கள். மொத்தமாக எடுத்தால் விலையைக் குறைப்பார்கள், இல்லாவிட்டால் போனஸ் ஸ்பாட் கொடுப்பார்கள்.

ஆனால் மலிவு என்பதற்காக மட்டும் வாங்கிவிடாதீர்கள். பலர் பணத்தைக் கோட்டைவிடுவது இங்கேதான். பார்க் இந்தியா என்ற அமைப்பு, மாதிரி வீடுகளில் மீட்டர் பொருத்தி, எந்த நிகழ்ச்சியை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று 2015 முதல் வாராவாரம் ரேட்டிங் கணக்குக் கொடுக்கிறது. ரேட்டிங் 5 உள்ள சீரியலில் பத்து விநாடி 20,000 ரூபாய், ரேட்டிங் 1 உள்ள நிகழ்ச்சியில் 6,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாவதில் ஒரு புள்ளிக்கு 4,000 ஆகிறது, இரண்டாவதில் 6,000. கையைக் கடிக்கிற மாதிரி தெரிந்ததுதான் உண்மையில் சிக்கனம். ஆகவே விளம்பர ஏஜென்சிக்காரரிடம், ‘ஒரு ரேட்டிங் புள்ளி என்ன விலைக்கு விழுகிறது?’ என்று கேளுங்கள்.

அதைவிட முக்கியமான கேள்வி, உங்கள் வாடிக்கையாளர் எங்கே இருக்கிறார் என்பது. கடை ஒரே ஊரில் இருக்க, மாநிலம் முழுக்கத் தெரியும் சேனலுக்குக் கொடுத்தால், கடைக்கு வரவே முடியாதவர்களுக்கும் சேர்த்துப் பணம் கட்டுகிறீர்கள். உள்ளூர் கேபிள் சேனலே போதுமா என்று முதலில் பாருங்கள். அந்தச் சேனலை யார் பார்க்கிறார்கள் என்று கடைக்கு வருகிறவர்களிடமே விசாரிக்கலாம்.

முடிவெடுத்த பிறகு, விளம்பரத்தை ஓட்டச் சொல்லிச் சேனலுக்குக் கொடுக்கும் ரிலீஸ் ஆர்டரைக் கவனமாகப் படியுங்கள். ‘காலை 6 முதல் இரவு 12 வரை’ என்று மட்டும் போட்டிருந்தால், நள்ளிரவுக்குப் பக்கத்தில் ஓட்டினாலும் கேட்க முடியாது. எந்த மணியிலிருந்து எந்த மணிக்குள், எத்தனை தடவை, விட்டுப்போன ஸ்பாட்டுக்கு ஈடாக எந்த நேரம் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். ஓடி முடிந்ததும் தேதி, நேரத்தோடு டெலிகாஸ்ட் சர்டிபிகேட் தருவார்கள். அதை ரிலீஸ் ஆர்டரோடு வரிக்கு வரி ஒத்துப் பார்த்துவிட்டுக் கணக்கை முடியுங்கள்.