விரலின் நிதானம்

கைத்துப்பாக்கி என்ற மாத்திரத்தில் தூத்துக்குடி வட்டாரத்து ஜனங்களின் நினைவில் எழுவது மணியாச்சி ஜங்ஷனே. 1911-ம் வருஷம் ஜூன் 17-ந் தேதி அங்கே நின்ற ரயில் வண்டியில், திருநெல்வேலி ஜில்லாக் கலெக்டர் ஆஷ் துரையை வாஞ்சிநாதன் பிரௌனிங் துப்பாக்கியால் சுட்டார். அதனாலேயே தம் உயிரையும் மாய்த்துக் கொண்டார். அச்செயலைப் பற்றிய தர்க்கம் வேறு. விரைவாகவும் குறி தவறாமலும் சுடுவதற்கு நெஞ்சுத் துணிவு ஒன்றே போதும் என்று அதிலிருந்து வாலிபர் பலர் கொண்டிருக்கும் அபிப்பிராயமே இங்கு ஆராயத்தக்கது. ரயில் பெட்டியில் சில அடி தூரத்தில் துணிவு போதுமாயிருக்கலாம். பந்தயக் களத்தில், 25 மீட்டருக்கு அப்பால், அது போதவே போதாது.

கணக்கைப் பாருங்கள். முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே 20 சென்டிமீட்டர் உள்ள துப்பாக்கியில், விசையை வெடுக்கென இழுப்பதால் முன்குறி 1 மில்லிமீட்டர் விலகினால், 25 மீட்டரில் குண்டு 12.5 சென்டிமீட்டர் விலகிப் போகும். விரைவுப் பந்தயத்தில் பத்து மதிப்பெண் வட்டத்தின் குறுக்களவோ 10 சென்டிமீட்டர்தான். வெடியோசையையும் உதைப்பையும் எதிர்பார்த்துக் கை முன்கூட்டியே தாழ்வதுதான் பிழையின் மூலம். தோட்டாக்களிடையே வெற்றுத் தோட்டா ஒன்றை அறியாதபடி கலந்து வைத்துச் சுட்டால், வெடியாத அக்கணத்தில் குழல் தாழ்வது கண்கூடாகத் தெரியும்.

பரிகாரம் எளிது, பொறுமைதான் அரிது. விரலின் முதற்கணுவின் சதைப்பகுதியை விசையில் வைத்து, தொய்வை முதலில் வாங்கி, நேர் பின்னாக அழுத்தத்தை வளர்க்க வேண்டும். வெடித்த பின்பும் விரலைச் சட்டென விடலாகாது. விரைவுப் பந்தயத்தின் கடைசிக் கட்டத்தில் ஐந்து குறிகளில் ஐந்து வேட்டுகள் 4 விநாடிக்குள் தீர வேண்டும். அங்கும் விரல் பதறுவதில்லை. தாழ்ந்த கை உயரும்போதே அழுத்தம் தொடங்கிவிடுகிறது. 2012-ல் லண்டன் ஒலிம்பிக்கில் இப்பந்தயத்தில் வெள்ளிப் பதக்கம் பெற்ற இராணுவ வீரர் விஜய் குமார் காட்டியதும் இவ்வடக்கமே.

நமது கடலில் முத்துக்குளித்தோர் இவ்வுண்மையை வேறு வழியில் அறிந்திருந்தனர்: அடியில் பதறுகிறவனுக்கு மூச்சு சீக்கிரம் தீரும், சிப்பியும் குறையும்.

1878-ம் வருஷத்து ஆயுதச் சட்டம் ஐரோப்பியருக்கு விலக்களித்து, இந்தியரை லைசென்ஸுக்குக் காத்திருக்க வைத்தது. அதனால் இவ்வித்தை நம்மிடை பரவ வழியில்லாது போயிற்று. இன்று 1959-ம் வருஷத்துச் சட்டம் இனபேதம் பாராட்டுவதில்லை. லைசென்ஸ் மட்டும் வேண்டும். ஆகவே கற்க விரும்பும் வாலிபர் முறையான களத்தையும் ஆசிரியரையும் நாடுக. அவர் மேற்பார்வையில், தோட்டா இல்லை என்று இருமுறை சோதித்த துப்பாக்கியுடன், நாள்தோறும் பத்து நிமிஷம் விரலைப் பழக்குக. அதற்கு வெடிமருந்துச் செலவு கிடையாது. நிதானம் கைகூடினால் வேகம் தானே வரும். வேகத்தை முதலில் தேடுகிறவனுக்கு இரண்டும் கிட்டா.