தினமும் ஓட்டும் ஸ்போர்ட்ஸ் காருக்கு எந்த டயர்? பினாங்கு மழையை நினைத்து வாங்குங்கள்

ஜார்ஜ்டவுன் – டொயோட்டா ஜிஆர்86, மஸ்டா எம்எக்ஸ்-5 போன்ற ஸ்போர்ட்ஸ் கார்களை ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் வெளியே எடுப்பவர்கள் உண்டு. அதே காரில் வேலைக்குப் போய், சூலியா தெருவில் சாப்பிட நிறுத்தி, மாலை மழையில் பாலம் கடந்து பட்டர்வொர்த் திரும்புபவர்களும் உண்டு. இவர்களுக்கு டயர் மாற்றும்போது ஒரு சந்தேகம் வரும்: எல்லாப் பருவத்துக்கும் ஏற்றது என்று சொல்லப்படும் ‘ஆல்-வெதர்’ டயரை வாங்கலாமா?

அந்தப் பெயரில் உள்ள ‘எல்லா’ என்ற சொல் பனிக்காலத்தையும் சேர்த்தது. டயரின் பக்கவாட்டில் மலையும் பனித்துளியும் சேர்ந்த அடையாளம் இருந்தால், அது பனிச்சாலைச் சோதனையில் தேறிய டயர். ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு ரப்பரின் குணம் தெரியும்: வெயிலில் இளகும், குளிரில் இறுகும். சாதாரணக் கோடைக்கால டயர், வெப்பம் 7 பாகைக்குக் கீழே போனால் இறுகிப் பிடிப்பை இழக்கும். அதற்காகவே ஆல்-வெதர் டயரில் மென்மையான கலவையைச் சேர்க்கிறார்கள். நம் தார்ச்சாலைச் சூட்டில் அந்த மென்மை பாதகமாகும். டயர் சீக்கிரம் தேயும், வளைவில் நெகிழும்.

பினாங்கில் 7 பாகைக் குளிர் வருவதே இல்லை. நமக்குள்ள பருவங்கள் வெயிலும் மழையும்தான். ஆகவே, ஈரச்சாலையில் நன்றாகப் பிடிக்கும் கோடைக்கால டயரே நமக்கு ‘எல்லாப் பருவ’ டயர்.

மழையில் நடப்பது என்ன?

டயரின் பள்ளக் கோடுகள், கடையில் ‘புங்கா’ என்பார்களே, அவைதான் தண்ணீரை வெளியே தள்ளுகின்றன. தள்ள முடியாத அளவுக்குத் தண்ணீர் சேர்ந்தால் டயர் சாலையைத் தொடாமல் நீரின்மேல் மிதக்கும். அப்போது பிரேக்கும் ஸ்டீயரிங்கும் பயன்படாது.

விமானச் சக்கரங்களுக்காக நாசா 1960-களில் கண்டறிந்த கணக்கு ஒன்று உண்டு. தேய்ந்த டயரில் 32 பிஎஸ்ஐ காற்று இருந்தால் சுமார் 94 கிலோமீட்டர் வேகத்தில் மிதக்கத் தொடங்கும். காற்று 24 பிஎஸ்ஐ-க்கு இறங்கினால் 82 கிலோமீட்டரிலேயே மிதக்கும். காரின் எடை, டயரின் அகலத்தைப் பொறுத்து இது மாறும். அகலமான டயரும் எடை குறைந்த காரும் மிதக்கும் வாய்ப்பைக் கூட்டுகின்றன. ஸ்போர்ட்ஸ் கார்களில் பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே இருக்கும்.

புதிய டயரில் பள்ளம் ஏறத்தாழ 8 மில்லிமீட்டர். சட்டப்படி 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போகக் கூடாது. ஆனால் நம் மழைக்கு 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுவது நல்லது. பந்தயத் திடலுக்கான ‘செமி-ஸ்லிக்’ டயரில் பள்ளம் குறைவு. தினசரி ஓட்டத்துக்கு அதைத் தவிர்க்கவும்.

டயரில் எதைப் படிப்பது?

அளவு: ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருக்கும் தாளில் உள்ள அளவையே வாங்குங்கள். பக்கச்சுவர் மிகக் குறைந்த டயர், குழியிலும் சாக்கடை மூடியிலும் இடித்தால் எளிதில் வீங்கிவிடும்.

டிராக்‌ஷன்: ஈரத்தில் பிரேக் பிடிக்கும் தரம். ஏஏ சிறந்தது, அடுத்து ஏ, பி, சி.

டிரெட்வேர்: எண் கூடினால் தேய்மானம் குறையும். 200-ம் அதற்குக் கீழும் பெரும்பாலும் திடலுக்கானவை. தினசரி ஓட்டத்துக்கு 300-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ பாருங்கள்.

தயாரிப்புத் தேதி: டாட் என்ற குறியின் முடிவில் நான்கு எண்கள் இருக்கும். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். வெயிலில் நிற்கும் காரில் புங்கா தேயாமலேயே ரப்பர் இறுகிவிடும். ஐந்து ஆண்டுகளைத் தாண்டிய டயரை ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும்.

விலை உயர்ந்த டயர்தான் ஸ்போர்ட்ஸ் காருக்குத் தகுதி என்றும் நினைக்க வேண்டாம். 2012-இல் வந்த டொயோட்டா 86, மிச்செலின் பிரைமசி எச்பி என்ற சாதாரணப் பயண டயரோடுதான் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தது.

இரண்டு மட்டும் மாற்றினால்?

புதியவற்றைப் பின்னால் போடுங்கள். பின்சக்கரம் மிதந்தால் கார் சுழன்றுவிடும். அதைச் சமாளிப்பது முன்சக்கர வழுக்கலைவிடக் கடினம்.

மாதம் ஒருமுறை, காரை எடுப்பதற்கு முன் டயர் குளிர்ந்திருக்கும்போதே காற்றைச் சரிபாருங்கள். புது டயர் வாங்கும்போது அளவு, டிராக்‌ஷன் எழுத்து, தயாரிப்பு வாரம் மூன்றையும் சக்கரத்தில் மாட்டுவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். மாட்டிய பிறகு திருப்பி எடுக்கக் கடைக்காரர் தயங்குவார்.